துரைசானி நாற்பத்தாறு அங்குலம்

பிப்ரவரி 3, செவ்வாய்

மழை. முதுகுவலி. துரைசானியை மூன்றாவது தடவையாகப் பிடித்தேன்.

மழையை முதலில் எழுதிவிட்டேன், பார். அவளை அல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்.

இந்த அரிடா ஏரியில் இவளைப் போல இன்னொரு பைக் மீன் கிடையாது. அயர்லாந்திலேயே கிடையாது. ஐரோப்பாவிலும் இருக்காது என்று நினைக்கிறேன், நான் போய்ப் பார்த்ததில்லை. பாதிரியார் பாறைக்குத் தெற்கே, ஆழத்தில் கிடந்தாள். தூண்டிலில் கட்டிய பொய்மீனைக் கவ்வியதும் படகை என்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள், அரை மைல். சரி, கால் மைல். கைவலையில் தலையும் தோளும்தான் அடங்கின. ஈரச் சாக்கில் கிடத்தி, செவுள் மூடிக்குள் விரலைவிட்டு — அந்த வாயில் பல் இல்லாத இடத்தைத் தேடிப் போய்த்தான் என் கட்டைவிரல் இந்தக் கோலத்தில் இருக்கிறது — இடுக்கியால் முள்ளை எடுத்தேன். இடது கண் பால் பூத்தது. வாலின் மேல்நுனியில் அரைவட்டமாக ஒரு கடி. அவளேதான்.

அளவுநாடா நாற்பத்தாறு அங்குலத்தில் நின்றது. ஆனால் வால்நுனி மடங்கியிருந்தது. ஆகவே நாற்பத்தெட்டு.

பிறகு படகோரம் குனிந்து, வாலின் அடியைப் பிடித்துத் தண்ணீரில் நிறுத்திவைத்தேன். அவசரப்பட்டு விட்டுவிட்டால் மல்லாந்து செத்துப்போகும். விரல் மரத்துப் போனது. திடீரென்று ஓர் உதறல். என் முகம் நிறையத் தண்ணீரை அடித்துவிட்டுப் போனாள். அந்தக் காலத்துப் பெரிய வீட்டுத் துரைசானிகள் எங்களுக்குக் காட்டியதும் இதே மரியாதைதான்.

சாட்சி? ஆள் இல்லை. மூன்று தடவையும் ஆள் இல்லை. கைபேசி வீட்டில் சார்ஜில்.

பிப்ரவரி 4

அட்ராக்டாவின் பப்புக்குப் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். இருக்க முடிந்தால் நான் ஏன் நானாக இருக்கிறேன்.

ஃபின்டன் உட்கார்ந்திருந்தான். டிரவுட் மீன் பிடிக்கிறவர்கள் சங்கத்துக்குச் செயலாளர். டிரவுட் குஞ்சுகளைத் தின்கின்றன என்று பைக் மீன்களையெல்லாம் ஒழிக்கச் சொல்லி மந்திரிக்கு மனு போடுகிறவன். அந்த டிரவுட்டைப் பிடித்து வெண்ணெயில் பொரித்துத் தின்கிறவனும் அவனே.

“போன வருஷம் நாலடி கூட இல்லைன்னே. இப்ப வளந்துடுச்சா? காலேஜ்ல சேத்துட்டியா?” என்றான்.

“சும்மா இருப்பா,” என்றாள் அட்ராக்டா. “ஜார்லத் அண்ணன் சொன்னா நாம பாதியா வெட்டிக்கணும். அப்பச் சரியா இருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பது வருஷமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சிரிக்கட்டும். ஏப்ரலில் யோஸ்ட் வருவார். வருஷா வருஷம் ஹாலந்திலிருந்து வந்து என் படகில்தான் ஏறுவார். பைக் பிடிப்பதும் முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விடுவதும்தான் அவருக்கு வாழ்க்கை. கழுத்தில் கேமரா. துரைசானியை அவர் கையில் ஏந்தினாற்போல ஒரு படம். ஒன்று போதும். அதை அந்தப் பப்பின் சுவரில் அடித்து, எதிரே ஃபின்டனை உட்காரவைத்து, அவன் பியரைக் குடிப்பதை நான் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது கோல்மன் பக்கத்தில் வந்தான். என் தங்கை ப்ரீஜின் மகன். மீன்வளத் துறையின் வலைப்படகில் இந்தக் குளிர்காலத்தில்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். முட்டையிட வரும் பைக் மீன்களை வலைபோட்டு எடுக்கிற வேலை. இதே பெரிய மீனை நான் கொன்றால் கோர்ட், அபராதம். அவர்கள் கொன்றால் அதற்குப் பெயர் பராமரிப்பு.

“எங்க மாமா மாட்டுச்சு?” என்று மெதுவாகக் கேட்டான்.

நான் யார்? ஏமாறுகிற ஆளா? “ஆட்டுக்குட்டி வளைவுல,” என்றேன். அங்கே முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை, தவளைக்கே குளிக்கப் போதாது. ஆனால் சொன்ன அழகைக் கேட்டிருக்க வேண்டும்! நாணல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, நாரை எந்தக் கல்லில் நின்று பார்த்தது, எல்லாம் சொன்னேன். முடிக்கும்போது எனக்கே அந்த நாரை தெரிந்தது.

பிப்ரவரி 6

மழை.

பிப்ரவரி 11

துறைக்காரர்கள் ஆட்டுக்குட்டி வளைவில் வலை போட்டிருக்கிறார்கள்! ரொட்டிக் கடையில் கேள்விப்பட்டேன். வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தேன். ஒரு அரசாங்கத்தையே சேற்றுக்குள் இறக்கிவிட்டிருக்கிறேன், ஏழாம் வகுப்போடு நின்றவன்.

பிப்ரவரி 13

வலையில் ஒரு விலாங்கு, ஒரு பழைய பூட்ஸ். பூட்ஸ் என் கற்பனை. விலாங்கு உண்மை.

மேலதிகாரி கோல்மனை எல்லோர் முன்னாலும் திட்டினாராம். ப்ரீஜ் போன் செய்தாள். “பிள்ளைக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலை, அண்ணா. அவன்கிட்டயாவது உன் அளப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?”

பையனுக்குக் கொஞ்சம் அவமானம்தான். போகட்டும். வேறு வேலை பார்க்கலாமே. மீனை மூச்சுத் திணறடிக்கிறது ஒரு வேலையா?

பிப்ரவரி 20

ஒரு வாரமாக மழை விடவில்லை. படகுத்துறையின் முதல் படி முழுகிவிட்டது.

பிப்ரவரி 25

ஏரி, ஆட்டுக்குட்டி வளைவின் கற்சுவரைத் தாண்டிவிட்டது. மேய்ச்சல் நிலம் முழுக்கத் தண்ணீர். ஆடுகளை மேட்டுக்கு ஓட்டுகிறார்கள். புல் உள்ளே நின்று ஆடுகிறது, பச்சைப் பசேலென்று.

முழுகிய புல். முழங்கால் தண்ணீர். வெயில் பட்டால் முதலில் சூடேறுகிற இடம்.

இதற்கு மேல் எழுத வேண்டாம். பைக் மீன் எங்கே முட்டையிடும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் பாதிரியார் பாறையிலிருந்து அவ்வளவு தூரம் ஏன் வரப்போகிறாள்? மேற்குக் கரையில் வேறு இடமா இல்லை? வரமாட்டாள்.

மார்ச் 1, ஞாயிறு

ப்ரீஜ் வீட்டில் சாப்பாடு. பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும். என்னால் சாப்பிட முடியவில்லை. “உடம்பு சரியில்லையா?” என்று மூன்று தடவை கேட்டாள்.

கோல்மன்தான் பேச்சை எடுத்தான். நாளைக்கு மறுபடியும் வளைவில் வலையாம். மேலதிகாரிக்கு இஷ்டமே இல்லையாம். இவன் விடாமல் மன்றாடினானாம்.

“அவர்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா மாமா? எங்க மாமா மீனைப் பெருசாக்குவாரு, காத்தைப் பெருசாக்குவாரு, தன்னையே பெருசாக்குவாரு. ஆனா இடத்தைப் பத்திப் பொய் சொல்லமாட்டாரு. என்கிட்டச் சொல்லமாட்டாருன்னேன்.”

முப்பது வருஷத்தில் ஊரில் ஒருத்தன் நம்பியிருக்கிறான். இவன்.

சொல்லிவிட்டேன். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். “டேய், அங்க நான் எதையும் பிடிக்கலை. உன்னை ஏமாத்தத்தான் சொன்னேன். நாரை, நாணல், எல்லாம் பொய். வேற இடத்துல வலையைப் போடு.”

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான். நல்ல சிரிப்பு, அவன் அப்பனுடையது.

“இப்பத்தான் மாமா பொய் சொல்றீங்க.”

“சத்தியமாடா.”

“தண்ணி ஏறிடுச்சு, மீன் அங்க வரும்னு உங்களுக்குத் தெரியும். அதைக் காப்பாத்தப் பாக்குறீங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும் இப்படித்தான் சொல்வேன்.”

ப்ரீஜ் எனக்கு இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தாள்.

மார்ச் 4

வெயில். பாழாய்ப்போன வெயில். பிப்ரவரி முழுக்க எங்கே போயிருந்தது?

மார்ச் 6

பாதிரியார் பாறைக்குப் போனேன். காலையிலிருந்து மதியம் வரை வீசினேன், பெரிய பொய்மீன், சின்னது, தகடு, எல்லாம். பிடித்து என்ன செய்திருப்பேன்? தெரியாது. குளியல் தொட்டியில் வைத்திருப்பேனா? வைத்திருப்பேன். அவள் அங்கே இல்லை.

அங்கிருந்து நேராக வளைவுக்கு. வலையின் மிதவைகள் வரிசையாக நின்றன, வெள்ளையாக. துடுப்பால் தண்ணீரை அடித்தேன். மீன் கலையட்டும் என்று அடித்துக்கொண்டே போனேன், கத்திக்கொண்டே. கரையில் ஆடுகள்தான் ஓடின.

கோல்மன் படகில் வந்தான். “மாமா, போதும். மேலதிகாரி பாத்தா உங்க படகையே பறிச்சிடுவாரு. வீட்டுக்குப் போங்க.” அதட்டவில்லை. பைத்தியத்தோடு பேசுகிற மாதிரி, தன்மையாக. என் படகைக் கயிற்றில் கட்டி அவனே இழுத்து வந்தான். மீனை நான் இப்படித்தான் கொண்டுவருவேன், மூச்சு வாங்க விட்டு, மெதுவாக.

மார்ச் 9, திங்கள்

கொண்டுவந்துவிட்டார்கள்.

படகுத்துறையில் நீலத் தார்ப்பாயின் மேல் கிடந்தாள். செவுளுக்குப் பின்னால் வலைக்கண் அறுத்த கோடு. இடது கண் வெள்ளை. இப்போது வலது கண்ணும். வாலில் அரைவட்டம். அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். தொடாமலே தெரியும்.

“மாமா! நீங்க சொன்ன அதே இடம்! சுவத்துக்குப் பக்கத்துல, புல்லுக்குள்ள!” கோல்மனுக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை. மேலதிகாரி அவன் முதுகில் தட்டினார். ப்ரீஜ் அழுதாள், சந்தோஷத்தில்.

ஊரே வந்துவிட்டது. ஃபின்டன் தொப்பியைக் கழற்றினான். எனக்காகக் கழற்றினானா மீனுக்காகவா என்று தெரியவில்லை. “ஜார்லத், முப்பது வருஷம் உன்னைக் கிண்டல் பண்ணிட்டேன். கையைக் குடு,” என்றான். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

அளந்தார்கள். நாற்பத்தாறு.

“செத்தா சுருங்கும்பா,” என்றான் ஃபின்டன். “இவன் நாப்பத்தெட்டுன்னான். நாப்பத்தெட்டுதான்.”

“இல்லை,” என்றேன். “நாப்பத்தாறு. உசுரோட இருக்கும்போதும் நாப்பத்தாறுதான்.”

“அடக்கத்தைப் பாரு!” என்றாள் அட்ராக்டா.

வயிற்றைக் கிழித்தார்கள், எதைத் தின்கிறது என்று பார்க்க. டிரவுட் ஒன்றுகூட இல்லை. முட்டை. வாளி கொள்ளாத முட்டை. தார்ப்பாயின் ஓரத்தில் வழிந்து தண்ணீருக்குள் போனது. யாரோ காலால் தள்ளிவிட்டார்கள்.

பப்பில் யாரும் என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

மார்ச் 10

கோல்மனுக்கு வேலை நிரந்தரம். ப்ரீஜ் கேக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நல்ல கேக்.

மார்ச் 13

பப்பின் சுவரில் படம் மாட்டியாயிற்று. கோல்மன் துரைசானியைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். நான் நினைத்த அதே ஆணி. எதிரே ஃபின்டன் உட்கார்ந்து பியர் குடிக்கிறான், சந்தோஷமாக.

அவன் வெளியூர்க்காரன் ஒருத்தனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: “அம்பது அங்குலம். இவர்தான் இடத்தைக் காட்டிக் குடுத்தவர்.”

காட்டிக் கொடுத்தவர்.

மார்ச் 17

புனித பாட்ரிக் திருநாள் ஊர்வலம். டிரவுட் சங்கத்தின் லாரியில் அட்டையால் செய்த பைக் மீன், எட்டடிக்குக் குறையாது, வாயில் முட்கம்பிப் பல். என்னை அதன்மேல் உட்கார்ந்து வரச் சொன்னார்கள். கோல்மன் வந்து கூப்பிட்டான், சால்வை மாதிரி பச்சைத் துணி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு — என் தோளில் போர்த்தவாம். தலைவலி என்றேன். நம்பினான்.

இப்போது நான் எது சொன்னாலும் நம்புகிறார்கள்.

ஏப்ரல் 2

தண்ணீர் வடிந்துவிட்டது. வளைவில் ஆடுகள் மேய்கின்றன. சுவரோரம் புல்லில் முட்டைகள் ஒட்டிக் காய்ந்து கிடக்கின்றன. வேறு எவளுடையதோ.

ஏப்ரல் 14, செவ்வாய்

யோஸ்ட் வந்துவிட்டார். புதுக் கேமரா. படகில் ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வி: “ஜார்லத், உங்க துரைசானி எங்க இருக்கா?”

“இந்த ஏரியில பெரிய மீன் எதுவும் இல்லை,” என்றேன்.

கண்ணடித்தார். “புரியுது, புரியுது. ரகசியம்.” அவர் இன்னும் பப்புக்குப் போகவில்லை.

பாதிரியார் பாறைக்குத் தெற்கே கொண்டுபோய் நிறுத்தினேன். மதியத்துக்கு மேல் ஒரு குட்டிப் பைக் கவ்வியது. கையை நனைத்துக்கொண்டேன், முள்ளை எடுத்தேன். யோஸ்ட் கேமராவை எடுக்கப்போனார், பிறகு உள்ளே வைத்துவிட்டார். “எவ்வளவு இருக்கும்?” என்றார், கேட்க வேண்டுமே என்று.

நாடாவை வைத்து அளந்தேன். வால்நுனியை நன்றாக நீவி, நேராக்கி, இன்னொரு தடவை அளந்தேன். வாலடியைப் பிடித்துத் தண்ணீரில் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. உதறிக்கொண்டு போனது.

பதினேழு அங்குலம்.