நல்ல ஊற்று என்றீர்கள்

அண்ணே,

இன்று காலை காதுவலிக்குப் பஞ்சில் நல்லெண்ணெய் தோய்த்து வைத்தேன். அந்த வாசனைக்கு நீங்கள்தான் நினைவில் வந்தீர்கள். கிணற்றில் குதிக்கும் முன் இப்படித்தான் இரண்டு காதையும் அடைத்துக்கொள்வீர்கள். நீங்கள் இறந்துபோன செய்தி கொடைரோட்டிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. நான் அழவில்லை. அழ எனக்கு என்ன யோக்கியதை?

உங்களுக்குத்தான் எத்தனை வேலை! தூத்துக்குடியில் முத்துக்குளித்தீர்கள். கப்பலில் ஊர் ஊராகப் போய் இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். திண்டுக்கல் பக்கம் கிணற்றில் விழுந்தது குடமானாலும் ஆளானாலும் நீங்கள்தான் எடுக்க வேண்டும். ரயிலிறங்கும் வெள்ளைக்காரர்களுக்குப் பேச்சை மொழிபெயர்ப்பதும் நீங்கள்தான். சனிக்கிழமைகளில் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுவீர்கள். "ஏலே, சத்தம் போடாத. அதுக வீட்டுக்கு நாம வந்திருக்கோம்" என்பீர்கள்.

எங்கள் கன்னிவாடித் தோட்டத்தில் புதுக்கிணறு வெட்டித் தண்ணீர் கண்ட அன்று, ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரோடு வந்தீர்கள். கிணற்று மேட்டில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். தெற்குப் பக்கம் மண் நெகிழ்ந்திருக்கிறது, கல் கட்டும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று இங்கிலீஷில் சொன்னார்.

"தொர என்ன சொல்றாரு அப்பு?" என்று அப்பா கேட்டார்.

"நல்ல ஊத்துங்கிறாருய்யா."

தண்ணீர் கண்ட அன்று கிணற்று மேட்டில் அமங்கலமாக எதுவும் பேசக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது.

மறுநாள் சனிக்கிழமை. நாம் பிள்ளைகளோடு கண்மாயில் இருந்தபோது என் தம்பி உள்திட்டில் கிடந்த கல்லை அள்ளக் கிணற்றில் இறங்கினான். தெற்குப் பக்கம் சரிந்து அவனைத் தண்ணீருக்குள் தள்ளியது. ஆள் வந்து சொன்னதும் ஓடினீர்கள். பஞ்சுகூட வைக்காமல் குதித்து, மூன்றாவது தடவை மூழ்கி அவனைத் தூக்கி வந்தீர்கள். உயிர் இல்லை.

பதினாறாம் நாள் எல்லார் முன்னும் சொன்னீர்கள். "தொர எறங்க வேணாம்னுதான்யா சொன்னாரு. நாந்தான் மறைச்சுட்டேன்."

அப்பா செருப்பைக் கழற்றினார். அதன்பிறகு எந்தக் கிணற்றுக்கும் யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்திலும் வர வேண்டாம் என்றார்கள். கொடைரோடு ஸ்டேஷனில் மூட்டை தூக்கினீர்கள். ஒருநாள் அங்கே என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா டீச்சரம்மா?" என்று கேட்டீர்கள். நான் ரயில் ஏறிவிட்டேன்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை, அண்ணே. எதற்காக "நாந்தான்" என்றீர்கள்? இஞ்சினியர் சொன்னது எனக்கும் புரிந்ததே. இங்கிலீஷ் பாடம் எடுக்கிறவள் நான். அவரை ரயிலேற்றப் புறப்படும்போது என்னிடம் மெதுவாக, "பொங்கல் முடிஞ்சதும் வீட்ல சொல்லிருங்க டீச்சரம்மா" என்றீர்கள். தலையாட்டினேன். சாயங்காலம் தம்பிக்கு எதிரே உட்கார்ந்துதான் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். அப்பா சிரித்த முகமாக இருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு இப்போது கண் தெரியவில்லை. உங்களைத் திட்டாமல் ஒரு கவளம் இறங்காது. இன்று மத்தியானமும் திட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைக்கவாப்பா?" என்று கேட்டேன்.