நான் மூடிய குழாய்

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவள் அடம் பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒன்றும் ஆகிவிடவில்லை, பயப்படாதே. ஒரு விடுதியின் சலவை அறையில் ஆள் உயர வெந்நீர்த் தொட்டி பொருத்தினோம். உள்ளே அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விட அதில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அதன் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டுகிற குழாயைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது, உனக்குத் தெரியாததா? ஒரு மூடியைப் போட்டு இறுக்கிவிட்டேன்.

சரிபார்க்க வந்த மேஸ்திரி அதைப் பார்த்ததும் கரண்ட்டை நிறுத்தினார். துணி துவைக்கும் பெண்களை வெளியே அனுப்பினார். அப்புறம்தான் என்னிடம் வந்தார்.

"இதை அடைச்சா தொட்டி வெடிச்சிடும்பா. அந்தம்மாங்க பக்கத்துலதானே நிக்கிறாங்க?"

அவ்வளவுதான் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பெண்களில் ஒருத்தி தினமும் எனக்கு டீ கொடுப்பாள். இன்றைக்கும் கொண்டுவந்தாள். நிமிர்ந்து பார்க்க முடியாமல் வாங்கிக் குடித்தேன்.

உன் அண்ணனிடம் மூச்சு விடாதே. "எங்க மாப்பிள்ளையைக் கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்று சொல்லித்தான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார்.

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றாயே, அதற்கு வேறு ஆளைக் கூப்பிடாதே. கீழே வாளி வைத்துக்கொள். நான் வந்து சரிசெய்கிறேன். அதை அடைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

உன் வீட்டுக்காரன்