பிரிக்காத பஞ்சுப் பொட்டலங்கள்

அத்தான்,

இன்று காலை ஒரு நோயாளியை அழைத்துக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எக்ஸ்ரே அறைக் கதவைத் திறந்ததும், சூடேறிய தூசியும் மின்பொறியும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. உங்களை நினைக்கவே கூடாது என்றிருந்தேன். நினைக்க வைத்துவிட்டது.

உங்கள் அடக்க ஆராதனையில் போதகர் உங்களை ஒளிவுமறைவு இல்லாத மனுஷர் என்றார். நான் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

சண்டை நடந்த காலம் அது. ராஜபாளையத்தில் உங்கள் பஞ்சுக் கம்பெனி இரவும் பகலும் ஓடியது. காயத்துக்கு வைக்கிற பஞ்சை வெளுத்து, சுருட்டி, கிருமி போக ஆவியில் வைத்து, நீலத்தாளில் ஒட்டிப் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினீர்கள். பஞ்சு சீவும் மிஷினில் கம்பிப் பற்கள் தேய்ந்திருந்தன. மாற்றச் சொன்னார்கள், நீங்கள் மாற்றவில்லை. ஒடிந்த பல் ஒன்று பஞ்சோடு போய் யாரோ ஒரு சிப்பாயின் புண்ணுக்குள் இறங்கியதும் புகார் வந்தது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் சுத்தம் கெட்டுவிடும். பிரிக்காமலே உள்ளே பார்க்க வேண்டும் என்று பழைய எக்ஸ்ரே மிஷின் ஒன்றை வாங்கினீர்கள். ஆஸ்பத்திரியில் அந்த வேலை கற்றிருந்த என்னை, மனைவியின் தங்கை என்ற உரிமையில் கூப்பிட்டீர்கள்.

கறுப்புத் துணிக் கூண்டுக்குள் நான் உட்கார்ந்திருப்பேன். பெல்ட்டில் பொட்டலங்கள் வரும். பச்சைத் திரையில் பஞ்சு புகைபோலத் தெரியும்; கம்பி இருந்தால் மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு. பெல்ட்டை நிறுத்தி, அதை எடுத்துத் தனிக்கூடையில் போடுவேன். முதல் நாளே கூடை நிறைந்தது. உங்கள் முகம் சுருங்கியது.

"ஏட்டி, இம்புட்டையும் கழிச்சா கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான். பெருசா இருந்தா மட்டும் நிறுத்து."

"பெரிய கம்பிதான் குத்துமா அத்தான்?"

மறுநாள் காலையில் கூடை காலியாகக் கிடந்தது. கேட்டதற்கு, "ரயிலேறிப் போயிருச்சு" என்று பல் குத்திக்கொண்டே சொன்னீர்கள்.

சோதனைக்கு ராணுவ அதிகாரி வந்தார். கழித்ததையெல்லாம் நீங்கள் அனுப்பிவிட்டதாக அவரிடமே சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "சின்னப் பிள்ளை, இருட்டுல இருந்து இருந்து மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு" என்றீர்கள். அவருடைய கையைத் திரைக்குப் பின்னால் வைத்து எலும்பைக் காட்டினீர்கள். தன் விரல் எலும்பை அவர் பார்த்துப் பார்த்து வியந்தார். பால்கோவாப் பெட்டியோடு வண்டி ஏறினார். அன்றே நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து ஒரு மருத்துவரிடம் நர்ஸாகச் சேர்ந்துவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களைப் பேராசைக்காரர் என்று மட்டுமே நினைத்திருந்தேன். ஒன்றிரண்டு கம்பியால் என்ன வந்துவிடும் என்று உண்மையாகவே நம்புகிற முட்டாள் என்றுகூட எண்ணினேன். அந்த மரியாதையையும் நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள்.

அக்காவுக்கு உங்கள் வீட்டில்தான் பிரசவம்; அவளுக்காக நான் வந்திருந்தேன். பிள்ளை பிறந்தும் ரத்தம் நிற்கவில்லை. அலமாரியில் இருந்த உங்கள் கம்பெனிப் பொட்டலம்தான் என் கைக்குக் கிடைத்தது. நீலத்தாளைக் கிழிக்கப் போனேன். வாசலில் நின்ற நீங்கள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தீர்கள்.

"அத வைக்காத! மேல்தட்டுல வெளியூர்ப் பஞ்சு இருக்கு, அத எடு!"

எடுத்து வைத்தேன். சற்று நேரத்தில் ரத்தம் நின்றது. அக்கா கண் திறந்து உங்களைப் பார்த்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"அப்போ சண்டைக்குப் போன பிள்ளைகளுக்கு மட்டும் அத அனுப்புதீகளே?"

நீங்கள் வெட்கப்பட்டுத் தலைகுனிந்திருந்தால்கூட இந்த மடல் வேறு மாதிரி இருந்திருக்கும். எரிச்சலோடுதான் சொன்னீர்கள்: "அவிய யாருன்னு நமக்குத் தெரியுமா?"

அக்கா உடம்பு தேறியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். கார் அனுப்பினீர்கள், போதகரை அனுப்பினீர்கள். அவள் வரவில்லை. சண்டை முடிந்து கம்பெனியும் படுத்தது. அந்த மிஷினை வீட்டுக் கூடத்தில் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் எலும்பு காட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினீர்கள். மனிதனுக்குள் பார்ப்பதற்கு உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் என்னோடு இருக்கிறது. கிருஷ்ணன்கோவில் பக்கம் வண்டி கவிழ்ந்து அடிபட்டவர்கள், எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றுப் படியில் வழுக்கி விழுந்தவர்கள் என்று முன்பின் தெரியாதவர்கள்தான் தினமும் என்னிடம் வருகிறார்கள். பெயர், ஊர் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே கட்டுப்போட வேண்டும் என்பது மருத்துவர் வைத்த விதி. நான் முதலில் காயத்தைக் கழுவிவிடுகிறேன். யார் என்று பிறகுதான் கேட்கிறேன்.