அவர் எண்ணிய தட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது முறையும் அதே முடிவு. புற ஊதா விளக்கில் காட்டிய பாக்டீரியாவைக் காஃபின் கலந்த வளர்ப்புத் தட்டில் வளரவிட்டால் பாதிக்கு மேல் செத்துப்போகிறது. பிழைத்தவற்றில் டிஎன்ஏவில் பிழை விழுந்தவை நான்கு மடங்கு. விளக்கு டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. கிருமி அதை ஒட்டுப்போட்டுப் பிழைக்கப் பார்க்கிறது. காஃபின் போய் அதன் கையைப் பிடித்துக்கொள்கிறது. என் ஒன்றரை வருட உழைப்பு இவ்வளவுதான்.

ஆய்வகத் தலைவியான மேடத்துக்கு முகம் மலர்ந்தது. "நல்லா இருக்கு. ஆனா இன்னொருத்தர் செஞ்சாலும் இதே வரணும். உங்க வீட்டுக்காரரே செய்யட்டும்."

ஆய்வகத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாக இருக்கிறது. விண்ணப்பித்திருப்பது நானும் அவரும். இது தெரியாதவரா மேடம்?

மார்ச் 7, வெள்ளி

அவருடைய தட்டுகளில் காஃபின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைத்த கிருமிப் புள்ளிகள் ஒரே எண்ணிக்கை. "ஒண்ணும் வித்தியாசம் இல்லியே" என்றார், குழம்பில் உப்பு குறைவு என்று சொல்கிற மாதிரி. அதுவும் மேடத்தின் முன்னால். முதலில் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா?

மார்ச் 11, செவ்வாய்

அவர் மறுபடி செய்தும் வித்தியாசம் இல்லை. வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஒட்டி உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்குகிற இடத்தில் "முட்டை வாங்கணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். வீட்டில் முட்டை இல்லை.

மார்ச் 12, புதன்

குளியலறையில் பாட்டு. என் வேலை கவிழ்ந்து கிடக்கிறது, இவருக்கு என்ன பாட்டு?

ஒருவேளை காஃபினே கலக்காமல் தட்டில் வளர்ப்புக் கூழை ஊற்றுகிறாரோ? ச்சே. பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இப்படியா நினைப்பேன்? — நினைக்கிறேன். நினைப்பு நிற்கமாட்டேன் என்கிறது.

அக்காவிடம் ஃபோனில் கொட்டினேன். "லேப்ல வேணும்னா ஆராய்ச்சி பண்ணு. வீட்டுக்குள்ள போலீஸ் வேலை பார்க்காதே" என்றாள். அவளுக்கென்ன, அவள் வீட்டுக்காரர் துணிக்கடை வைத்திருக்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

தட்டுகளை நானே ஊற்றினேன். காஃபினை நானே எடை போட்டேன். ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஓரமாக, சிவப்பு நகப்பூச்சில் கடுகளவு ஒரு பொட்டு. தட்டை மாற்றினால் தெரிந்துவிடும்.

"இந்த வாரம் நான் ஊத்தி வெச்சுட்டேன், உங்களுக்கு வேலை மிச்சம்" என்று சொல்லி அவர் கையில் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கினார். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது?

மார்ச் 18, செவ்வாய்

எல்லாத் தட்டிலும் பொட்டு இருக்கிறது. ஆனால் வித்தியாசம்? ஒன்றுமில்லை!

அப்படியென்றால் தட்டில் கை வைக்கவில்லை. விளக்கிலா? நேரத்தைக் குறைக்கிறாரா? விளக்கோ இருவருக்கும் பொது.

மார்ச் 20, வியாழன்

கதவுக் கண்ணாடி வழியாக ஒளிந்து பார்த்தேன். கேவலமாகத்தான் இருந்தது. விளக்குப் பெட்டியில் சரியான நேரம் வைத்தார். ஜன்னலோர மேஜைக்குக் கொண்டுபோய்க் குழாய் குழாயாக உப்புநீர் சேர்த்து நீர்க்கச் செய்தார், நிதானமாகத் தட்டில் தடவினார், கறுப்புக் காகிதத்தில் சுற்றினார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மதியம் நான் என் அறைக்குள் நுழைந்தபோது என் குப்பைத் தொட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார், கையில் கையுறை. தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. "பேனா விழுந்துடுச்சு" என்றார். பேனா சட்டைப்பையில் இருந்தது.

என்னதான் செய்கிறார் இந்த மனுஷன்?

மார்ச் 24, திங்கள்

நாளை மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அவர் இரண்டு நாள் விடுப்பு. "நீயும் வந்தா அம்மா சந்தோஷப்படுவாங்க" என்றார். லீவு கிடைக்காது என்றேன். நான் லீவு கேட்கவே இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

அவர் மேஜையில் உட்கார்ந்தேன். அவருடைய குழாய்கள், அவர் கரைத்து வைத்த உப்புநீர், அவர் நாற்காலி. இதே சாமானில் என் முடிவு வந்துவிட்டால் மேடத்திடம் போய் நேராகவே சொல்லிவிடலாம். அந்த மேஜையில் வெயில் கண்ணைக் கூசுகிறது. குழாய்த் தாங்கியை மூன்று முறை நகர்த்தினேன்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமியார் கட்டுப் போடாத கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒத்தக் கண்ணுக்கே நீ இளைச்சது தெரியுதே! அவன் உன்னை ஒழுங்கா சாப்பிட விடுறானா இல்லியா?" பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு பழம் நறுக்கினார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

மார்ச் 27, வியாழன்

என் கையால் செய்தது. நானே எண்ணினேன். வித்தியாசம் இல்லை.

என் கையால்!

இனி யாரைச் சந்தேகப்படுவது? அப்படியானால் என்னுடைய மூன்று முடிவுகள்தான் பொய்யா?

மார்ச் 28, வெள்ளி

நான் ஒரு முட்டாள்.

என் அறைக்கு ஜன்னலே கிடையாது, மஞ்சள் பல்பு ஒன்றுதான். அவருடைய ஜன்னல் திரையைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் பிப்ரவரியில் கழற்றிப்போனார்கள், திரும்ப மாட்டவில்லை. விளக்கில் அடிபட்ட கிருமி, காகிதத்துக்குள் போகும் முன் அரைமணி நேரம் கண்ணாடிக் குழாயில் வெயில் காய்கிறது! வெளிச்சம் பட்டால் கிருமி இன்னொரு வழியில் டிஎன்ஏவைச் சரிசெய்துகொள்ளும். முதலாண்டுப் பாடம். பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். காஃபின் தடுப்பது இருட்டில் நடக்கிற வேலையை மட்டும் என்றால்? வெயிலில் எல்லாம் சரியாகிவிட்ட பிறகு அது எதைத் தடுக்கும்?

ஒரே கலவை. பாதிக் குழாய்களை ஜன்னலில் வைத்தேன், மீதியை அதே ஜன்னலில் கறுப்புக் காகிதம் சுற்றி வைத்தேன். பார்ப்போம்.

மார்ச் 31, திங்கள்

சுற்றியவற்றில் என் முடிவு. சுற்றாதவற்றில் அவர் முடிவு. யாருமே பொய் சொல்லவில்லை.

தட்டுகளை அவர் முன்னால் வைத்து, அவர் மேஜையில் செய்து பார்த்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அடச்சே, திரை!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "என் மேஜையில நீ எதுக்கு உட்கார்ந்தே?"

சொன்னேன், நகப்பூச்சு முதற்கொண்டு.

"தட்டுக்கு அடியில சிவப்பா ஒரு பொட்டு. அதை நான் பார்க்கலன்னா நினைச்சே?"

"பார்த்துட்டுமா கேட்கல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். அவரே மேலே பேசினார். "நீ தூக்கிப்போட்ட தட்டையெல்லாம் குப்பையிலேருந்து எடுத்து எண்ணினேன். ரெண்டு தடவை."

"எதுக்கு?"

"எதுக்கா இருக்கும்?"

சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே கோபம். என்னையா? என் எண்ணிக்கையையா? நான் கூட்டிக் குறைத்து எழுதுவேனா? — எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

"சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு. அதுதான் இன்னும் கடுப்பு."

இரவுச் சாப்பாட்டை அவரே செய்தார். சாதம் குழைந்துவிட்டது. இருவரும் பேசாமல் சாப்பிட்டோம். ஆனால் இது பஸ்ஸில் பேசாமல் வந்த மாதிரி இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

மேடம் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டார். "இந்தக் கிருமியில வெளிச்சத்தையும் காஃபினையும் சேர்த்து யாரும் பார்த்ததில்ல. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"திரை இல்லாம போச்சு மேடம்" என்றார் அவர். அதோடு விட்டுவிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

அவர் யாருடனோ ஃபோனில் மெதுவாகப் பேசினார். என் காது தானாக அந்தப் பக்கம் போனது. மாமியாரின் கண் சொட்டு மருந்தைப் பற்றி. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். இது போக எத்தனை நாளாகும்?

ஏப்ரல் 24, வியாழன்

வேலை அவருக்குக் கிடைத்தது. எனக்கு ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. மேடம் நிதானமாகத்தான் சொன்னார், நானும் நிதானமாகத்தான் கேட்டுக்கொண்டேன். அப்புறம் கழிவறையில் முகம் கழுவப் போனவள் வெளியே வரக் கொஞ்சம் நேரமானது.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "நான் வேணா மேடம்கிட்ட..." என்று இழுத்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். வாங்க, தட்டு காத்துக்கிட்டிருக்கு."

கட்டுரைக்கான கடைசித் தட்டுகள். ஒவ்வொன்றையும் இருவரும் தனித்தனியாக எண்ண வேண்டும் என்பது மேடத்தின் ஏற்பாடு. ஒரு தட்டில் எனக்கு இருநூற்றுப் பதினான்கு வந்தது, அவருக்கு இருநூற்றுப் பதினொன்று. திரும்ப எண்ணலாம் என்று அவர் தட்டை எடுத்தார். நான் வாங்கிக் கீழே வைத்தேன்.

இருநூற்றுப் பதினொன்று என்று எழுதினேன்.