இறுதி ஆட்டத்தன்று நான் மேலே இருந்தேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், அதனால் இந்த முறை அதைக் கேட்கவில்லை, எப்படித் தெரியும் என்பதைக் கீழே எழுதுகிறேன். அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் செய்த இடத்தில் தையல் பிரித்தாகிவிட்டது, புண்ணும் ஆறிவிட்டது, குனிந்து நிமிர்ந்து வேலை செய்யக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அவள் கேட்டால்தானே. ஆபரேஷனுக்கு நீ வராததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, "இருக்கிறது ஒரே பொண்ணு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகக்கூடாதா" என்று இழுத்ததற்கு, படுத்த படுக்கையிலிருந்தே "அவளுக்கு லீவு குடுக்க மாட்டேங்கிறாங்க, அவ என்ன பண்ணுவா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். நானும் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் என் பழைய மேஸ்திரி போன் செய்தார். உள்விளையாட்டரங்கத்தில் ஏசி பார்க்கும் ஆளுக்குக் காய்ச்சல், அன்றைக்கு இறகுப்பந்துப் போட்டியின் கடைசி ஆட்டம், "ரிட்டயர் ஆனா என்ன, கை மறந்தா போச்சு, வந்து நில்லுங்க" என்றார். அந்த அரங்கத்தில் நான் பார்க்காத குழாய் இல்லை, ஆனால் ஒரு முழு ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்ததே இல்லை. வேலை என்னவென்றால், காற்றை அதிகம் விட்டால் பந்து கோட்டைத் தாண்டிப் போய்விடும், குறைத்தால் அத்தனை கூட்டமும் வெந்துபோகும். நடுவர் கையைக் காட்டியதும் குறைக்க வேண்டும், அதனால் கடைசி வரிசைக்கும் மேலே, சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு மேடையில் நிற்க வேண்டும், ஆட்டம் முடியும்வரை நகரக்கூடாது. டிவியில் பார்த்தால் பூப்போலத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, நேரில் ஒவ்வொரு அடியும் பளார் என்று கன்னத்தில் அறைகிற சத்தம். பந்து பறக்கும்போது ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை, ஷூ கிறீச்சிடுவது அத்தனை உயரத்தில் எனக்குக் கேட்டது. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன்.

முதல் செட்டில் ஒரு பெண் விழுந்து புரண்டு பந்தை எடுத்துப் போட்டாள், கூட்டமே எழுந்துவிட்டது. எதிர்ப்பக்கம் கீழ் வரிசையில் மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவள் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அந்த அடியை எனக்குத் தெரியும். எத்தனை வருஷம் என் தோள் வாங்கிய அடி. உலகத்தில் ஒரே சாயலில் ஏழு பேர் இருப்பார்கள் என்று சொல்வார்களே, அதில் ஒருத்தி என்றுதான் மனதைத் தேற்றிக்கொண்டேன். பதினோரு பாயிண்ட் ஆனதும் ஒரு நிமிஷம் ஆட்டத்தை நிறுத்துவார்கள் அல்லவா, அப்போது உன் நம்பருக்குப் போட்டேன். இங்கே மணி அடிக்க அடிக்க, அங்கே மஞ்சள் சட்டைக்காரி பையைத் திறந்து போனை எடுத்தாள். பார்த்தாள். அடிக்க விட்டாள். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் ஏதோ தட்டினாள், பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என் கையில் வந்து விழுந்தது, "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று.

பொய் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பொய்யை டைப் அடிக்கும் விரலையும் அதே நேரத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். நடுவர் கை காட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை, பந்து ஒரு சாண் வெளியே போய் விழுந்தது, ஆடிக்கொண்டிருந்த பெண் அண்ணாந்து என் குழாயை முறைத்தாள், மேஸ்திரி வாக்கிடாக்கியில் "தூங்கிட்டீங்களா" என்று கத்தினார். என் வேலையில் நான் அப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை. ஆட்டம் முடிந்து, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நான் இறங்கி வருவதற்குள் வாசலில் காலி பாட்டில்கள்தான் கிடந்தன. ஒருவேளை வீட்டுக்குத்தான் போயிருப்பாயோ, அம்மாவுக்கு ஒரு இன்ப அதிர்ச்சி கொடுக்க வந்திருப்பாயோ என்று ஒரு நப்பாசை. அரங்கத்திலிருந்து நம் வீடு நடந்து வருகிற தூரம்தானே. ஓட்டமும் நடையுமாக வந்தேன். அம்மா தனியாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெற்ற தாயைக் கிழித்துத் தைத்த அன்றைக்குக் கிடைக்காத லீவு, பந்தாட்டம் பார்க்க எப்படிம்மா கிடைத்தது? வீட்டுக்கு வந்தால் நான்கு கேள்வி கேட்போம் என்று பயமா? நீ வராதது கூட ஆறிவிடும். நீ சொன்னதை நம்பி, ஊரெல்லாம் உனக்காக வக்காலத்து வாங்க வைத்தாயே, அதுதான் துரோகம் என்று எனக்குப் படுகிறது. பெரிய வார்த்தைதான், எழுதிவிட்டு அடிக்க மனம் வரவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன்னை அடையாளம் தெரிந்த அந்த ஒரு நொடி, நீ சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. அதற்குத்தான் என்மேலேயே எனக்குக் கோபம்.

அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை, விடவும் மாட்டேன். சொல்ல வேண்டியவள் நீ, உன் வாயால் சொல். கொஞ்சம் இளைத்திருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடு. கோபம் இருந்தாலும் வாழ்த்தாமல் முடிக்கக் கை வரவில்லை, நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. மறுநாள் காலையில் நீ அம்மாவுக்குப் போன் செய்து, அங்கே விடாத மழை, வெளியே கால் வைக்க முடியவில்லை என்றாயாம். நான் கடிதம் எழுத உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, ஆபீசுக்குப் போகும்போது குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அவள் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா