மல்லாட்டைக் கொல்லையில் உன்னை ஒளித்து வைத்தேன்

என் உயிரான சவரி அண்ணா,

கல்லறைத் திருநாளுக்கு வந்து உன் குழியின் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனேன். பக்கத்தில் அண்ணி நின்றதால் வாய் திறக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை தோறும் நம் ஊருக்கு மருந்து வண்டி வந்ததே, மறந்திருக்க மாட்டாய். பணம் வெளிநாட்டுக்காரர்களுடையது, வண்டி பங்குச் சாமியாருடையது, நோயாளிகளைக் கூட்டி வருவது எங்கள் மாதர் சங்கம். கூட்டேரிப்பட்டு வரைகூட நடக்கத் தெம்பில்லாத உனக்கு, காசநோய் மாத்திரை வாசலுக்கே வந்தது. நாலு மாதத்தில் எழுந்து நடந்தாய். இன்னும் ஒரு வருஷம் விடாமல் போட்டால் பிழைத்துக்கொள்வாய் என்றார் நர்சம்மா.

அப்போதுதான் பணம் தருகிறவர்கள் ஊரைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். விருந்தாளிக்கு யாராவது வீட்டுக் கிழிசலைக் காட்டுவார்களா? சங்கத் தலைவி நான். சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன், பெண்களைக் கல்யாணப் புடவை கட்டச் சொன்னேன். இருமுகிறவர்களை, வேர்க்கடலை போட்டிருந்த ஏரிக்கரைக் கொல்லைக்கு அனுப்பினேன்.

"எங்களப் பாக்கத்தானே லூர்து அவங்க வர்றாங்க?" என்று கேட்டாய்.

"நீ இருமிக்கினு நின்னா ஊரு மானம் போயிடும்ணா. ஜல்தியா போ."

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனாய். மல்லாட்டைச் செடிக்கு நடுவே, வெயிலில், பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாய்.

வந்தவர்கள் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கைகூப்பிப் போனார்கள். இரண்டு மாதம் கழித்துச் சாமியார் கூப்பிட்டார். "உங்க ஊரு நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதியிருக்காங்கம்மா. கஷ்டப்படற வேற ஊருக்குக் குடுக்கப் போறாங்களாம்." அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். விமானத் தபாலில் எழுதிப் போட்டார். பதில் வரவில்லை, மருந்து வண்டியும் நின்றுபோனது.

நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம். நாம் என்ன நாம், நான்தான்.

திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். மூன்று தரம் போனாய். பிறகு "வுடு, பாத்துக்கலாம்" என்று படுத்துவிட்டாய். கடைசிவரை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் என்ன அண்ணா?

இப்போது விழுப்புரத்திலிருந்து வேறொரு நிறுவனத்தார் வருகிறார்களாம். நம் ஊருக்கு உதவலாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்வார்களாம். மறுபடியும் சுண்ணாம்பு கரைக்கிறார்கள். வேண்டாம் என்று கெஞ்சினேன். "வர்றவங்க முன்னால பிச்சக்காரங்க மாதிரி நிக்கச் சொல்றியா?" என்று அண்ணியே கேட்கிறாள்.

யார் யாரை ஒளித்து வைப்பது என்றும் பேசி முடித்துவிட்டார்கள். முதல் ஆள் நான்தான். ஆமாம் அண்ணா, ஆடியிலிருந்து எனக்கும் இருமல். சளியில் ரத்தம்.

உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், கொல்லைக்குப் போக மாட்டேன். அவர்கள் வண்டியை விட்டு இறங்கும் இடத்தில் நின்று, காது கேட்க இருமுவேன்.

உன்னைப் போகச் சொன்ன பாவி, உன் தங்கச்சி
லூர்து