இருட்டில் எழும்புகிறவள்

அஜிஷாவின் அப்பாவுக்கு,

இந்த மனநல ஆஸ்பத்திரியில் சோற்றுக்குக் குறைவில்லை. வார்டுக் கதவைத்தான் வெளியே பூட்டுகிறார்கள்.

போலீஸ் ஜீப்பில் என்னை ஏற்றியபோது நீங்கள் வாசலில் நின்றீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரப்பர் பால் வெட்டிய உடம்பு இது, விடியுமுன் தானாக எழும்பிவிடுகிறது. மரம் மரமாக நடந்த கால் இங்கே கட்டில் கட்டிலாக நடக்கிறது. தூக்கமில்லாமல் அலைகிறாள் என்று நர்ஸ் எழுதிவைக்கிறாள், மாத்திரை கூடுகிறது. கால் மட்டும் அடங்கவில்லை.

“நான் பாலு வெட்டப் போறவளாக்கும் சாரே” என்று டாக்டரிடம் சொன்னேன். வீட்டில் விசாரிக்கிறேன் என்று நேற்று உங்களுக்குப் போன் போட்டார்.

“கெட்டின நாள் தொட்டே அவ இருட்டுல எழும்பிப் போவா சாரே” என்றீர்களாம்.

பொய்யில்லை. வெட்டுக் கத்தியும் தலைவிளக்குமாகப் போவேன் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

என் அப்பா எனக்கு எழுதித் தந்த மரங்களை இப்போது யார் வெட்டுகிறார்கள்? யாரானாலும் சரி, பட்டையை ஆழமாக வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் வந்து வெட்ட வேண்டிய மரங்கள் அவை.

உங்கள் வீட்டுக்காரி